பத்துக்குப் பதின்மூன்று

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஐப்பசி மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்துப் பின்சுவர் சரிந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை அது. யாருக்கும் அடிபடவில்லை.
2. அதே வாரம் தோட்ட ஆபிஸில் இருந்து என்னை நுவரெலியாவுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைப்பு: நிறுவனங்களில் முடிவெடுக்கும் மாதிரிகள்.
3. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. சம்பந்தப்படுத்தியவள் நான்.
4. புதிய மடுவத்தை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்யக் குழு கூடியது. எல்லாருக்கும் புள்ளித்தாள் கொடுத்தேன்.
5. என் சின்னம்மா பத்துக்குப் பதின்மூன்று போட்டார்.
6. நான் அதைத் திருத்தினேன்.
7. மேட்டு முடக்கு வென்றது.
8. லொறி பின்பக்கமாக வந்தது.

இதில் ஆறாவதுதான் என் தவறு. அன்றைக்கு அது தவறு என்று தெரியவில்லை. மிகச் சுத்தமாக வேலை செய்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நான் தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்தவள். ராகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து ஆபிஸில் கணினிப் பக்கத்து வேலைகளைப் பார்க்கிறேன். அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவின் தங்கையான சின்னம்மா இன்னும் எடுக்கிறார். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. பட்டியல் போடுவது எனக்குப் பள்ளிக்கூட நாளில் இருந்தே பழக்கம். சந்தைக்குப் போகும்போதுகூடக் கடைகளின் வரிசைப்படி காய்கறிகளை எழுதிக்கொண்டு போவேன். ஆகவே அந்தப் பயிற்சி என்னை எவ்வளவு சந்தோஷப்படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சியாளர் கொழும்பில் இருந்து வந்திருந்தார். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஐந்து மாதிரிகளைச் சொல்லித் தந்தார். முதலாவது, அறிவுபூர்வமான மாதிரி: எந்தெந்த விஷயம் முக்கியம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்து, ஒவ்வொரு தெரிவுக்கும் புள்ளி போட்டு, கூட்டிப் பார்ப்பது. இரண்டாவது, போதும் என்ற அளவில் ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திக்கொள்வது. மூன்றாவது, அனுபவசாலியின் உள்ளுணர்வு. நான்காவது, வாக்கெடுப்பு. ஐந்தாவதன் பெயரே குப்பைத்தொட்டி மாதிரி. நிறுவனங்களில் பிரச்சினைகள் ஒரு பக்கம் கிடக்குமாம், தீர்வுகள் இன்னொரு பக்கம் அலையுமாம். தீர்வைக் கையில் வைத்திருக்கும் ஆள் அதற்கு ஏற்ற பிரச்சினையைத் தேடிக்கொண்டு திரிவாராம். இரண்டும் தற்செயலாக மோதிக்கொள்ளும் இடத்தில் முடிவு பிறக்குமாம்.

அதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு முதலாவது மாதிரியின் அட்டவணையை அச்சில் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ராகலை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மூடுபனி. இறங்கியதும் முதலில் கேட்ட செய்தி மடுவத்துச் சுவர் விழுந்தது என்பதுதான்.

எங்கள் தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், கண்டிக்காரர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில்தான் அவர் தமிழ் பழகினார். அதனால் அவருக்கு வணக்கம் சொல்வதைவிட ஏசுவது சரளமாக வரும். நான் அட்டவணையைக் காட்டியபோது ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது போட்டா சண்டை வராதா?"

"வராது சேர். எல்லாரும் புள்ளி போடுவாங்க. கூட்டினா பதில் வந்துரும்."

"அப்ப போடு மிஸ். எனக்குத் தலைவலி இல்லாம இருந்தாப் போதும்."

இடங்கள் இரண்டு. ஒன்று பீலியடி. மலையில் இருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது, கொழுந்து மலைக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொன்று மேட்டு முடக்கு. ரோட்டு வளைவை ஒட்டிய மேட்டு நிலம். பீலியடியில் இருந்து அங்கே போக இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குழுவில் தொரை தலைவர், அவர் புள்ளி போட மாட்டார். போடுகிறவர்கள் ஆறு பேர்: பெரிய கிளாக்கர், மலையில் வேலையை மேற்பார்த்துக் கொழுந்தை நிறுக்கும் கணக்கப்பிள்ளை, லொறி டிரைவர், சின்னம்மா, அவரோடு கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்கள்.

முக்கியமான விஷயங்களைச் சொல்லுங்கள் என்றேன். கணக்கப்பிள்ளை, "மேல இருந்து பார்த்தா மலை பூராத் தெரியணும்" என்றார். டிரைவர், "லொறி திரும்பணும்" என்றார். பெரிய கிளாக்கர் சற்று யோசித்து, "சிக்னல்" என்றார். அவருடைய போனுக்கு மேட்டு முடக்கில் மட்டும் நான்கு கோடு விழும். சின்னம்மா, "நடக்கிற தூரம்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "தண்ணி" என்றார். ஐந்தையும் பலகையில் எழுதினேன்.

அடுத்தது எடை. எது கூடுதல் முக்கியமோ அதற்குக் கூடுதல் எடை, அதிகபட்சம் பத்து. இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று கொழும்புக்காரர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"சிக்னலுக்கு எத்தனை போடலாம்?"

பெரிய கிளாக்கர் கூரையைப் பார்த்தார்.

"பத்துப் போடு புள்ள" என்றார் சின்னம்மா.

நான் அவர் காதருகே குனிந்தேன். "உங்களுக்கு அது தேவையே இல்லையே சின்னம்மா?"

"தேவையில்லதான். ஐயா எதிர்லயே குந்திக்கிட்டு இருக்காரே, மூணுன்னு போட்டா அவரு மூஞ்சிய எப்படிப் பார்க்கிறது?"

பெரிய கிளாக்கருக்கு அது கேட்டுவிட்டது. நெகிழ்ந்துபோனார். "நடக்கிற தூரத்துக்கும் பத்துப் போடுங்க" என்றார். உடனே டிரைவர் தண்ணிக்குப் பத்து என்றார். தண்ணி சொன்னவர் லொறிக்குப் பத்து என்றார். கடைசியில் ஐந்துக்கும் பத்து. எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்றால் எடையே இல்லை என்றுதான் அர்த்தம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அறையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது. நான் பேசாமல் புள்ளித்தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு இடத்துக்கும், ஒவ்வொரு விஷயத்துக்கும், பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். பத்துக்கு மேல் போடக் கூடாது என்று அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தேன்.

ஆண்கள் அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள். பெண்கள் மூவரும் பீலியடிக்குப் போய், முகம் கழுவி, கல்லில் உட்கார்ந்து பேசி எழுதிக் கொண்டுவந்தார்கள்.

நான் கணினியில் ஏற்றினேன். சின்னம்மாவின் தாளில், பீலியடிக்கு நடக்கிற தூரத்தில் பதின்மூன்று. திரையில் அந்த எண்ணின் பெட்டி சிவப்பாகிவிட்டது. பத்துக்கு மேல் வந்தால் சிவப்பாகும்படி வைத்தது நான்தான். தண்ணிக்கும் பதின்மூன்று. மறுபடி சிவப்பு. மற்ற இருவர் தாளிலும் அதே இரண்டு இடத்தில் அதே பதின்மூன்று. ஆர்வக் கோளாறு என்று நினைத்தேன். ஆறையும் பத்து ஆக்கினேன். பெட்டிகள் வெள்ளையாகின. கூட்டினேன். மேட்டு முடக்கு நான்கு புள்ளியில் வென்றது.

தொரைக்கு மகா திருப்தி. தாளைத் தூக்கிப் பிடித்து, "பாரு, கம்ப்யூட்டர் சொல்லிருச்சி. இனி எவனும் என்கிட்ட வரக் கூடாது" என்றார். மறுநாளில் இருந்து தராசு மேட்டு முடக்கில் இருக்கும், மழை விட்டதும் அங்கேயே மடுவம் எழும் என்று பெரட்டில் அறிவித்தார்.

அன்று மாலை சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வலது முழங்காலைத் தடவியபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். அந்த முழங்காலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஏற்றம் ஏறாதீங்க என்று டிஸ்பென்சரியில் சொல்லி ஒரு வருஷமாகிறது. மலையில் கொழுந்தெடுப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை, பீலியடி வரை வருவதிலும் இல்லை. அதற்கு மேலே உள்ள படிகள்தான் ஆகாது.

"எவ்வளவு கழிச்ச?" என்றார்.

"எதைங்க?"

"மார்க்க. கழிவு எவ்வளவு புடிச்ச?"

எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

கொழுந்து நிறுக்கும்போது கழிவு என்று ஒன்று உண்டு. சாக்கின் எடைக்கும், இலையில் உள்ள ஈரத்துக்குமாகக் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் கழிப்பார். மழை நாளில் கூடுதலாகக் கழிப்பார். நீங்கள் என்ன எடை கொண்டுவந்தாலும் புத்தகத்தில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். அதனால் எடுக்கிறவர்கள் அதற்கும் சேர்த்து இரண்டு பிடி கூட்டிப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். சின்னம்மா இதை முப்பது வருஷமாகச் செய்கிறார்.

"ஆபிசுக்குப் போற நம்பராச்சே, எப்படியும் மூணு கழிச்சிருவாங்கன்னு எல்லாத்துலயும் மூணு கூட்டித்தான் போட்டோம்" என்றார். "மேட்டு முடக்குக்கு நடக்கிறதுல ரெண்டுதான் குடுக்கணும், அஞ்சுன்னு போட்டேன். பீலியடிக்குப் பத்து, அதைப் பதிமூணுன்னு போட்டேன். நீ கழிக்கலியா?"

"கழிக்கல. பதிமூணை மட்டும் பத்தாக்கினேன்."

"அஞ்ச?"

"அஞ்சாவே விட்டுட்டேன்."

"ஏன் புள்ள கழிக்கல?" அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான ஆச்சரியம்தான். "கணக்கப்புள்ள ஐயாகூட ஒரு நாளும் மறக்க மாட்டாரே. நீ படிச்ச புள்ள."

அம்மா தேத்தண்ணியை அவரிடம் நீட்டினார். "பயிற்சிக்குப் போயிட்டு வந்திருக்கால்ல, அதான்" என்றார்.

சின்னம்மா இரண்டு மடக்குக் குடித்தார். "மேலதான்னா நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்கா. மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா வத்தளைக்கு. அங்க போயி நாள் பூரா டிவிக்கு முன்னால குந்திக்கிட்டு, அவ மாமியாக்காரி வெங்காயம் உரிக்கிறதப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவருக்கு அங்கே போக விருப்பம் இல்லை என்பது எங்கள் லயம் முழுவதற்கும் தெரியும். போன முறை இரண்டு வாரத்துக்கு என்று போனவர் நான்காம் நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அந்த நாலு நாளும் அங்கே மழை.

இரவே கணினியைத் திறந்து திருத்தினேன். மூன்று பெண்களின் எல்லாப் புள்ளிகளிலும் மூன்று கழித்தேன். இப்போது பீலியடி பதினான்கு புள்ளியில் வென்றது. காலையில் தொரையிடம் போய், "சேர், கூட்டல் சரி. நான் வெட்டினதுதான் பிழை" என்று சொல்லி, கழிவு விஷயத்தை விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "குழுவைக் கூப்பிடு" என்றார். அந்தத் தலைவலி திரும்பி வந்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது.

கூட்டத்தில் நான் விளக்கி முடித்ததும் கணக்கப்பிள்ளை எழுந்தார்.

"பத்துக்கு மேல போடக் கூடாதுன்னு எழுதியிருந்திச்சி. மரியாதையாப் பத்தோட நின்னேன். இல்லாட்டி நானும் மேட்டு முடக்குக்குப் பதிமூணு போட்டிருப்பேன்."

"எனக்கும் கழிச்சி விடுங்க" என்றார் டிரைவர்.

"அண்ணே, ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரிக் கழிச்சா வித்தியாசம் மாறாது" என்றேன். பலகையில் எழுதியும் காட்டினேன்.

"மாறாட்டிப் பரவாயில்ல. அவங்களுக்குக் கழிச்சா எனக்கும் கழிக்கணும்."

பெரிய கிளாக்கர் தொண்டையைக் கனைத்தார். "என்னோடதுல ரெண்டு மட்டும் கழிச்சாப் போதும். எனக்கு மழைக் கழிவு வேணாம்."

சின்னம்மா கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "ஐயாவுக்குக் கழிவுன்னா என்னான்னு இன்னிக்காவது தெரிஞ்சிச்சே" என்றார். மூன்று பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையின் முகம் என் அட்டவணைப் பெட்டி மாதிரிச் சிவந்தது.

அதோடு கூட்டம் குழம்பிவிட்டது. யார் எத்தனை கூட்டிப் போட்டார்கள், யார் மரியாதைக்குக் குறைத்துப் போட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். தொரை மேசையில் தட்டினார். மேலும் ஆராய்ந்து அறிக்கை தரும்படி என்னைப் பணித்தார். அதுவரை தராசு இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார். இருக்கிற இடம் மேட்டு முடக்கு.

நான்கு நாள் சின்னம்மா ஏறினார். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை. நான்காம் நாள் மாலை வீட்டு வாசலில் உள்ள உயரம் குறைந்த ஒரே படியில் ஏறவே சுவரைப் பிடித்தார். "இந்த மாசத்தோட சரி" என்றார். மகளுக்குப் போட்டுத் தரச் சொல்லி போனை என்னிடம் கொடுத்தார். நான், "நாளைக்குப் போடுறேன், இப்ப சிக்னல் இல்ல" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் பகல், அறிக்கைக்குப் படம் எடுக்க நான் பீலியடியில் நின்றிருந்தேன். பெண்கள் சாக்குகளோடு வரிசையாக ஏறி வந்தார்கள். சின்னம்மா முதல் ஆள். பீலியில் வாய் நனைக்கச் சாக்கைக் கல்லில் இறக்கினார். குடித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாதை ஒற்றையடி. முன்னால் இருப்பவரைத் தாண்டிப் போக முடியாது. பின்னால் வந்தவர் சாக்கை இறக்கினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் நாற்பது சாக்கு. யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றதால் உறுதியாகச் சொல்கிறேன். ஒருவர் வெற்றிலைப் பையைக்கூட எடுத்துவிட்டார்.

மேலே இருந்து கணக்கப்பிள்ளை கத்தினார். "அங்க என்னா மாநாடு? ஏறி வாங்க!"

"கொழுந்து இங்க இருக்குங்க ஐயா" என்று சின்னம்மா திருப்பிக் குரல் கொடுத்தார். "தராசுதான் மேல இருக்கு."

"அதுக்கு?"

"தராசு எத்தனை கிலோ வரும்?"

கணக்கப்பிள்ளை உண்மையிலேயே யோசித்தார். "ஒரு ரெண்டு கிலோ வரும்."

"என் சாக்கு இருவது வரும். எது ஏறணும், எது எறங்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"கழிவு போகப் பதினெட்டு!" என்று வரிசையின் பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். மலை முழுக்கச் சிரிப்பு.

அப்போது கணக்கப்பிள்ளையின் போன் அடித்தது. ஃபெக்டரியில் இருந்து. சாக்கில் அடைத்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடாகும், சூடானால் தூள் கெட்டுவிடும். லொறி எங்கே, கொழுந்து எங்கே என்று அவர்கள் போட்ட சத்தம் பீலியடி வரைக்கும் கேட்டது. மேட்டு முடக்கில் சிக்னல் நன்றாக இருந்ததால் ஒரு வார்த்தை தப்பாமல் விழுந்தது. கணக்கப்பிள்ளை போனைப் பையில் போட்டார், தராசைக் கக்கத்தில் இடுக்கினார், இருநூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி வந்தார்.

"இன்னிக்கு மட்டுந்தான்" என்றார்.

"சரிங்க ஐயா" என்றார்கள் எல்லாரும்.

அடுத்து லொறி. பழைய வண்டிப்பாதை வழியாகப் பின்பக்கமாகவே வந்து, சாக்குகளுக்கு நாலடி தள்ளி நின்றது. பீலியடியில் லொறி திரும்பாது என்று டிரைவர் தன் தாளில் பூச்சியம் போட்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"திரும்பாதுதான் தங்கச்சி" என்றார் அவர். "பின்னால வந்தா ஏன் திரும்பணும்?"

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நீங்க திரும்புமான்னுதானே கேட்டீங்க."

மறுநாளும் இன்றைக்கு மட்டுந்தான் என்று கணக்கப்பிள்ளை இறங்கி வந்தார். அதற்கு அடுத்த நாளும் சொன்னார். நான்காம் நாளில் இருந்து சொல்வதை விட்டுவிட்டார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எந்த மாதிரியின்படி முடிவெடுக்கப்பட்டது என்று ஒரு தலைப்பு இருந்தது. ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். எதிலும் ஒற்றையடிப் பாதை இல்லை, முழங்கால் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, இடம்: பீலியடி என்று மட்டும் எழுதித் தொரையிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "எத்தனை புள்ளி?" என்றார். "நாப்பது சாக்கு சேர்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இப்போதைய நிலை இது. மடுவம் இன்னும் கட்டப்படவில்லை, பீலியடியில் மண் மட்டம் பார்த்து நான்கு முளை அடித்திருக்கிறார்கள். அதுவரை மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி அதில் தராசு தொங்குகிறது. பெரிய கிளாக்கர் போன் பேச மேட்டு முடக்குக்கு ஏறிப் போகிறார். என் அட்டவணையில் பத்துக்கு மேல் போட்டாலும் இனிப் பெட்டி சிவப்பாகாது, ஏன் என்று கேட்கும். கழிவு முன்போலவே பிடிக்கப்படுகிறது. சின்னம்மா வேலைக்குப் போகிறார்.